தற்காப்புக்குச் சிறிய மடக்காக் கத்தி: எந்த வகையைத் தேர்வது?

தற்காப்புக்காக ஒரு சிறிய கத்தி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று படங்களைக் காட்டி, இவற்றில் எந்த அலகு நல்லது என்றுதான் கேட்கிறார்கள். படத்தில் அலகு மட்டுமே பளிச்சென்று தெரியும். உறை ஓரத்தில் கிடக்கும், பிடி பாதி மறைந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் சிறு கத்திகளை வாங்கியும், பழகியும், புதிதாக வாங்குபவர்களுக்கு உதவியும் வந்ததில் நான் கண்டது ஒன்று உண்டு. வாங்கிய சில மாதங்களில் ஒருவர் வருந்துவது ஏறக்குறைய எப்போதும் உறையையோ பிடியையோ பற்றியதாகவே இருக்கிறது. அலகு சரியில்லை என்று வருந்தியவர் மிகவும் அரிது.

இங்கே ஐந்து வழிகளை ஒப்பிடுகிறேன்: நேரான பிடியுள்ள சிறு கத்தி, வளைந்த பிடியுள்ள சிறு கத்தி, விரல் வளையமுள்ள கெரம்பிட், இருபுறமும் கூருள்ள குத்துவாள் வகை, கத்தியே வாங்காமல் வேறு கருவியை வைத்துக்கொள்வது. கடைசி வழியைப் பெயரளவுக்குச் சேர்க்கவில்லை. பலருக்கு அதுவே சரியான விடை என்று உண்மையாகவே நம்புகிறேன். சிறிய கத்தி என்று நான் சொல்வது அலகு சுமார் 6 முதல் 10 செ.மீ. வரை நீளமுள்ளவற்றை.

## கத்தியிடம் எதை எதிர்பார்க்கலாம்

கத்தி கைக்கெட்டும் தூரத்தில் மட்டுமே பயன்படும் பொருள். அந்தத் தூரத்துக்குள் ஒருவர் வந்துவிட்ட பிறகு, அவர் நம் சட்டையைப் பிடித்து இழுக்கும்போதோ, நாம் கீழே விழுந்து கிடக்கும்போதோதான் அது உறையை விட்டு வெளிவர வேண்டியிருக்கும். அப்போது நம் ஒரு கை அவரைத் தடுப்பதிலோ தரையில் ஊன்றுவதிலோ மாட்டிக்கொண்டிருக்கும். மடக்குக் கத்தியை அந்த நிலையில் ஒற்றைக் கையால் விரித்து, பூட்டு விழுந்ததா என்று பார்ப்பது எளிதல்ல. மடக்காக் கத்திக்கு விரிக்கும் வேலை இல்லை. பூட்டு நழுவி விரல்மேல் மடங்கும் ஆபத்தும் இல்லை. அதன் பெரிய சாதகம் இதுவே. அதற்கு ஈடாக, முழு நீளத்தையும் எப்போதும் உடலோடு சுமக்க வேண்டும். பல நாடுகளில் சட்டமும் அதை மடக்குக் கத்தியைவிடக் கடுமையாகப் பார்க்கிறது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒருவரை நோக்கிக் கத்தியைப் பயன்படுத்துவது உயிரைப் போக்கக்கூடிய செயல். பிறகு விசாரிப்பவர்களும் அப்படித்தான் அதை அணுகுவார்கள். பணப்பையைக் காப்பதற்காகவோ, வாய்த்தகராறை முடிப்பதற்காகவோ, ஓடித் தப்ப வழியிருக்கும்போதோ அது உறையை விட்டு வெளியே வரக்கூடாது. கத்தி வைத்திருப்பவரும் கைகலப்பில் வெட்டுப்படுவார் என்பதை எதிர்பார்த்தே இந்த முடிவை எடுக்க வேண்டும். இதை ஏற்க மனம் ஒப்பவில்லை என்றால், கட்டுரையின் ஐந்தாவது வழிக்கு நேராகப் போய்விடலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

## எவற்றைக் கொண்டு எடை போடுவது

### சட்டம்

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இது. பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மேற்படாத கூர்விளிம்புள்ள, பூட்டில்லாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் காரணம் காட்டாமல் வைத்திருக்கலாம். மடக்காக் கத்தி எவ்வளவு சிறியதானாலும் தக்க காரணம் காட்ட வேண்டும், அதிலும் தற்காப்பு என்பது தக்க காரணமாக ஏற்கப்படுவதில்லை. ஜெர்மனியில் 12 செ.மீ.க்கு மேல் அலகுள்ள மடக்காக் கத்தியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதற்குத் தடை உண்டு. அலகு நீளம், இருபுறக் கூர், ஆடைக்குள் மறைத்து வைத்தல், போகும் இடம், என்ன நோக்கம் என்று நாமே சொல்லும் பதில் என ஒவ்வொரு சட்டமும் வெவ்வேறு ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே கடைக்காரர் சொல்வதையோ, வேறு நாட்டவர் எழுதியதையோ நம்பாமல், தாம் வாழும் இடத்தின் சட்ட வாசகத்தைப் படித்துப் பார்ப்பதே முறை. சட்டம் இடம்கொடுக்கவில்லை என்றால் மற்ற அளவுகோல்களைப் பார்க்க வேண்டியதில்லை.

### உறை

எடுத்துச் செல்லும் கத்தியில் பாதி மதிப்பு உறையில்தான் இருக்கிறது. நல்ல உறை ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும்: ஓடினாலும் விழுந்தாலும் தலைகீழாகத் தொங்கினாலும் கத்தியை விடக்கூடாது, கை பற்றி இழுத்த கணத்தில் தயங்காமல் விட வேண்டும். இவற்றோடு மூன்றாவது ஒன்றும் உண்டு. கத்தியை இழுக்கும்போது உறை இடுப்பிலேயே நிற்க வேண்டும்.

இந்த மூன்றாவதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்றும் நினைவில் இருக்கிறது. புதிதாக வாங்கிய ஒரு கத்தியை இடுப்புவாரில் மாட்டி, அறையில் நின்று மெதுவாக உருவிப் பழகிக்கொண்டிருந்தேன். மெதுவாக உருவும்போது எல்லாம் சரியாகவே இருந்தது. சற்று வேகமாக இழுத்ததும் கத்தி உறையோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. பிளாஸ்டிக் கிளிப்பின் கொக்கி இடுப்புவாரின் கீழ்விளிம்பைப் பிடிக்காமல் வெறுமனே உரசிக்கொண்டு நின்றிருக்கிறது. என் இடுப்புவார் அந்தக் கிளிப்புக்கு ஒரு சில மில்லிமீட்டர் அகலம் அதிகம். உறை மாட்டிய கத்தியைப் பிடித்தபடி நின்ற அந்தக் கணத்தில், அலகின் எஃகைப் பற்றி நான் படித்திருந்தது எதுவும் எனக்கு உதவவில்லை.

உறைகள் பெரும்பாலும் மூன்று பொருட்களில் வருகின்றன. கைடெக்ஸ் என்பது அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்த பிளாஸ்டிக் தகடு, 1965இல் அறிமுகமானது. சூடாக்கிக் கத்தியின் வடிவத்துக்கே அழுத்தி வார்ப்பதால், கத்தி உள்ளே போகும்போது ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும், ஈரத்தால் கெடாது, திருகுகளைத் தளர்த்தியும் இறுக்கியும் பிடிமானத்தை மாற்றலாம். மணல் புகுந்தால் அலகில் கீறல் விழும். உருவும்போது சத்தம் வரும். வெயிலில் நிறுத்திய காரின் முன்தட்டில் கிடந்தால் வடிவம் தளரவும் கூடும். தோல் உறை உடலுக்கு இதமானது, சத்தமில்லாதது. ஆனால் வியர்வையை உறிஞ்சி அலகுக்குத் துரு ஏற்றும், நாளாக ஆகத் தளரும், பெரும்பாலும் ஒரு பட்டன் வாரை நம்பியே கத்தியைப் பிடித்திருக்கும். அந்தப் பட்டனைக் கழற்றுவது இன்னொரு வேலை. நைலான் துணி உறையைத் தற்காப்புக் கத்திக்கு நான் பரிந்துரைப்பதில்லை. முனை துளைத்துக்கொண்டு வெளிவரக்கூடும்.

### பிடி

கை முன்னோக்கி நழுவி அலகின்மேல் போவதுதான் சிறு கத்தியில் மிகவும் அஞ்ச வேண்டிய விபத்து. வியர்வையோ மழையோ இரத்தமோ கையில் இருக்கும்போது, முனை ஏதேனும் கெட்டியான பொருளில் முட்டினால், கத்தி நின்றுவிடும், கை நிற்காது. விரல்களை மடக்கும் தசைநாண்கள் விரலின் உட்புறத்தில், தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. அவை அறுபட்டால் அறுவைச் சிகிச்சை செய்து, சுமார் 6 வாரங்கள் பாதுகாப்புக் கட்டில் வைத்து, பலமான வேலைக்குத் திரும்ப ஏறக்குறைய 3 மாதங்கள் ஆகும். அதன் பிறகும் விரல் முழுதாக மடங்கும் என்பதற்கு உறுதி இல்லை. அதனால் பிடிக்கும் அலகுக்கும் இடையே ஒரு தடுப்போ, சுட்டுவிரல் ஆழமாக உட்காரும் குழிவோ இல்லாத கத்தியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கத்தியை உறையிலேயே வைத்து, உறை கழன்றுவிடாதபடி நாடாவால் சுற்றிக் கட்டி, கையில் சோப்பு நீரைப் பூசிக்கொண்டு, தடித்த தலையணையைச் சுவரில் சாய்த்து, அதன்மேல் உறையின் நுனியை அழுத்துங்கள். படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டும்போது சுட்டுவிரல் எங்கே போகிறது என்று பாருங்கள். உறையின் வாயைத் தொட்டு அதன்மேல் ஏறுகிறது என்றால், உறை இல்லாதபோது விரல் ஏறுவது கூர்விளிம்பின்மேல்.

நான்கு விரல்களும் பிடியில் அடங்குவது நல்லது. மூன்று விரல் மட்டும் பிடிக்கும் குட்டைப் பிடி சட்டைப்பைக்கு வசதி. இழுபறியில் கையிலிருந்து திருகிப் பிடுங்குவதற்கும் அதே அளவு வசதி. பிடிப்பொருளில் கண்ணாடி இழையும் எபாக்சியும் சேர்ந்த ஜி-10 கெட்டியானது, சொரசொரப்பானது. உடலை ஒட்டி அணிந்தால் சட்டையையும் தோலையும் அராவிவிடும். துணி அடுக்குகளைப் பிசினில் ஊறவைத்துச் செய்யும் மைகார்ட்டா ஈரத்தில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். என் கைக்கு அதுவே உகந்தது. எலும்புக்கூடு போல் வெறும் எஃகாக விட்டுக் கயிறு சுற்றிய பிடி எடை குறைந்தது. ஆனால் கயிறு வியர்வையில் ஊறி, உலர்ந்து, தளர்ந்து பிடியின்மேல் சுழலத் தொடங்கும்.

### அலகும் எஃகும்

அலகைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சட்டைத் துணியைத் தாண்டிச் செல்லும் அளவுக்கு முனை கூர்மையாகவும், நெம்பினால் ஒடியாத அளவுக்குத் தடிப்பாகவும் இருந்தால் போதும். அலகின் எஃகு பிடியின் கடைசிவரை நீள்வது நல்லது. குட்டையான வால் மட்டும் பிடிக்குள் செருகப்பட்ட மலிவான கத்திகள் அந்த இணைப்பிலேயே உடையும்.

எஃகில் முதலில் கேட்க வேண்டியது துருவைப் பற்றி. உடலோடு ஒட்டி அணியும் கத்தி நாள்தோறும் உப்பு வியர்வையில் இருக்கிறது. 1095 என்ற கார்பன் எஃகு உறுதியானது, எளிதாகத் தீட்டப்படுவது. குரோமியம் இல்லாததால் எண்ணெய் தடவாமல் விட்டால் சில நாட்களிலேயே புள்ளி விழும். டி-2 எஃகில் சுமார் 12 விழுக்காடு குரோமியம் இருந்தும், அதில் பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடாகப் போய்விடுவதால் துருவைத் தடுக்க எஞ்சியது போதுவதில்லை. சுமார் 14 விழுக்காடு குரோமியமுள்ள 14சி28என், கார்பனுக்குப் பதிலாகப் பெரும்பாலும் நைட்ரஜனை நம்பும் எல்சி-200என் போன்றவை உடலோடு அணிவதற்கு ஏற்றவை. வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் உள்ளவருக்கு எது வாங்கினாலும் தகும். மற்றவர்கள் பழக்கத்தைக் காட்டிலும் எஃகை நம்புவது நல்லது.

### பழகும் செலவு

கத்தியின் விலையோடு செலவு முடிவதில்லை. அதே வடிவில் கூரில்லாத பயிற்சிக் கத்தி ஒன்று வேண்டும். அது இல்லாமல் கூரான கத்தியை வைத்துக்கொண்டு உருவிப் பழகுவது, விரலை அடகு வைத்துப் பழகுவதற்குச் சமம். பல கத்திகளுக்கு அப்படிப்பட்ட இணைக் கத்தி விற்பனையிலேயே இல்லை. சரியான கிளிப்போ மாற்று உறையோ, தீட்டுவதற்குச் சாணைக்கல்லோ தண்டோ, எல்லாவற்றையும்விட வாரத்தில் சில மணித்துளிகள் நேரமும் வேண்டும். வாங்கும்போது இவற்றையும் கூட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு படி விலை குறைந்த கத்தியைத் தேர்வார்கள். அது சரியான தேர்வாகவும் இருக்கும்.

## நேரான பிடியுள்ள சிறு கத்தி

முதல் கத்தி வாங்குபவருக்கு நான் முதலில் காட்டுவது இந்த வகையை. ஒருபுறம் மட்டும் கூர், மெல்லச் சரியும் முதுகு, நேரான பிடி. எஸ்ஸீ (ESEE) நிறுவனத்தின் இஸூலா இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு: 1095 எஃகு, சுமார் 7 செ.மீ. அலகு, நடுவில் துளையிட்ட வெற்றுப் பிடி, அதன்மேல் கயிறோ தனியே வாங்கிப் பூட்டும் தகடுகளோ.

இதன் வலிமை இது ஒரு கருவி என்பதே. கயிறு அறுக்கும், பெட்டி பிரிக்கும், விபத்தில் சிக்கிய இருக்கை வாரை அறுக்கும். அப்படித் தினமும் கையில் எடுப்பதால் உறை எங்கே இருக்கிறது, கூர் எந்தப் பக்கம், எவ்வளவு இழுத்தால் கழலும் என்பதெல்லாம் கைக்கே தெரிந்துவிடும். தற்காப்புக்கென்றே அலமாரியில் வைத்த கத்திக்கு இந்தக் கைப்பழக்கம் வராது. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கும் நேர்மையான பதில் இருக்கும். அந்தப் பதிலை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த இடத்தின் சட்டத்தைப் பொறுத்தது.

மறைந்திருக்கும் செலவு, இதே சாதகத்தின் மறுபக்கம். அட்டைப்பெட்டி போல் கூரைத் தின்னும் பொருள் வேறில்லை. தினமும் பயன்படுத்தும் கத்தி, தேவைப்படும் நாளில் மழுங்கியிருக்கும். ஆகவே தீட்டக் கற்றுக்கொள்வது இந்த வகையோடு வரும் கட்டாயம். நேரான பிடி இடுப்பில் நிமிர்ந்து நிற்பதால், உட்காரும்போது விலாவில் குத்தும். உறையைச் சாய்த்து மாட்டினால் ஓரளவு சரியாகும். வெற்று எஃகுப் பிடியோடு வரும் கத்திகளை வாங்கினால், தகடுகளின் விலையையும் முதலிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும். அவை இல்லாமல் அந்தப் பிடி சோப்பு நீர்ச் சோதனையில் தேறுவது கடினம்.

## வளைந்த பிடியுள்ள சிறு கத்தி

கேபார் நிறுவனத்தின் டிடிஐ கத்தி இந்த வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. துப்பாக்கியைப் பிடிப்பது போன்ற கோணத்தில் பிடி வளைந்திருக்கும். அலகு சுமார் 6 செ.மீ. மட்டுமே. காவல் பணியில் இருப்பவரின் துப்பாக்கியை ஒருவர் பிடுங்க முயலும்போது, அவர் ஒரு கையால் துப்பாக்கியை உறையிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் இந்தக் கத்தியை உருவ வேண்டும் என்ற ஒரே தேவைக்காக உருவானது. அந்தத் தேவைக்கு மிகச் சிறப்பாகப் பொருந்துகிறது. பிடி தாழ்வாக இடுப்புவாரை ஒட்டிப் படுத்திருக்கும். உட்கார்ந்தாலும் குனிந்தாலும் குத்தாது. மணிக்கட்டைத் திருப்பாமல் கை இயல்பாகப் பிடியில் விழும். பிடியின் வளைவே கை முன்னோக்கி நழுவுவதைத் தடுக்கும்.

துப்பாக்கி இல்லாத ஒருவர் இதை வாங்கும்போது அந்த வடிவத்துக்கான காரணத்தில் பாதியை விட்டுவிட்டு வாங்குகிறார். எஞ்சியிருக்கும் சாதகங்கள் உண்மையானவை. ஆனால் இந்தக் கோணத்தில் பெட்டி திறப்பதோ கயிறு அறுப்பதோ அசௌகரியம். ஆகவே அது உறையிலேயே கிடக்கும், கைக்குப் பழகாது, பல மாதங்கள் யாரும் உருவிப் பார்க்காத அலகில் துரு ஏறியிருப்பதும் தெரியாது. இடக்கைக்கு மாட்டிய உறையை வலக்கைக்கு மாற்ற எல்லா மாதிரியிலும் முடியாது. பெரிய கை உள்ளவருக்குப் பிடி சிறியது. இது அறுப்பதற்கான கருவி என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. பார்த்தவுடனே இதன் நோக்கம் தெரியும். வேண்டுமென்றே நேரம் ஒதுக்கிப் பழகுபவருக்கு, நீண்ட நேரம் வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு, உடலை ஒட்டிய ஆடை அணிபவருக்கு நேரான பிடியைவிட இது பொருத்தம்.

## கெரம்பிட்

சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களோடு சேர்த்துப் பேசப்படும், புலி நகம் போல் வளைந்த அலகுள்ள கத்தி. பிடியின் முனையில் விரல் நுழையும் வளையம் உண்டு. கையிலிருந்து பிடுங்க முடியாது என்பதுதான் இதை வாங்குபவர்கள் சொல்லும் காரணம். அது உண்மை. ஆனால் வளையத்துக்குள் மாட்டிய விரலை எதிராளி கத்தியோடு சேர்த்துத் திருகினால், கத்தி கழலாது, விரல்தான் முறியும். கத்தியை உடனே கீழே போட வேண்டிய நிலையிலும் வளையம் விடாது.

உட்புறம் வளைந்த கூரைத் தட்டையான சாணைக்கல்லில் தீட்ட முடியாது. உருளைத் தண்டு வேண்டும், பொறுமையும் வேண்டும். தலைகீழாகப் பிடித்துச் சுழற்றும் அசைவுகளைச் சொந்த முன்கையை வெட்டிக்கொள்ளாமல் கற்க ஓர் ஆசிரியரும் பல மாதப் பயிற்சியும் தேவை. அந்தக் கலையைக் கற்றுவருபவர் ஒருவர், கற்ற கருவியையே வைத்துக்கொள்ள விரும்பினால் மறுத்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. திரையில் பார்த்த வேகத்துக்காக வாங்குபவரை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பயிற்சிக் கத்தியை முதலில் வாங்கி ஒரு மாதம் பழகிவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

## குத்துவாள் வகை

இருபுறமும் கூருள்ள சிறு வாளும், விரல்களுக்கு நடுவே அலகு நீட்டி நிற்கும் கைமுட்டிக் குத்துவாளும் இதில் அடங்கும். சட்டமே இந்த வகையைப் பெரும்பாலோர்க்கு முடித்துவைத்துவிடுகிறது: கைமுட்டிக் குத்துவாள் பிரிட்டனிலும் கனடாவிலும் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலில் இருக்கிறது; இருபுறக் கூர் வேறு பல இடங்களிலும் தனியாகக் குறிப்பிடப்பட்டுத் தடுக்கப்படுகிறது. முதுகே இல்லாத அலகில் கட்டைவிரலை ஊன்ற இடமில்லை. உறைக்குள் திரும்பச் செருகும்போது எந்தப் பக்கம் தொட்டாலும் வெட்டும். வேறு எந்த வேலைக்கும் உதவாது. சட்டப்படி வைத்திருக்கக்கூடிய சேகரிப்பாளரைத் தவிர வேறு யாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

## கத்தி இல்லாத வழி

மிளகாயின் காரச் சத்தைக் கொண்ட பெப்பர் ஸ்பிரே, கையடக்கமான பிரகாசமான டார்ச், ஊசியை இழுத்தால் அலறும் ஒலிப்பான் ஆகிய மூன்றும் கத்தியால் செய்ய முடியாத ஒன்றைச் செய்கின்றன. கைக்கெட்டும் தூரத்துக்கு ஆள் வருவதற்கு முன்பே பயன்படுகின்றன. ஸ்பிரே சில மீட்டர் தொலைவுவரை போகும். தவறாகப் பயன்படுத்திவிட்டாலும் திருத்த முடியாத காயம் ஏற்படுவது அரிது. தாக்கியவரின் கண் எரிந்துகொண்டிருக்கும்போது ஓடிவிடலாம்.

குறைகளும் உண்டு. எதிர்க்காற்றில் நம் முகத்துக்கே திரும்பும். மூடிய அறையிலும் வாகனத்திலும் இருவரையும் பாதிக்கும். சிலரிடம் எதிர்பார்த்தபடி வேலை செய்யாது. குப்பியில் அச்சிட்ட காலாவதி தேதிக்குப் பிறகு அழுத்தம் குறைந்து தூரம் சுருங்கும். பிரிட்டனில் இதை வைத்திருப்பதே குற்றம் என்பதால் இங்கும் சட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பழகுவதற்குக் காரமில்லாத பயிற்சிக் குப்பிகள் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கி மரத்தின்மேல் ஒருமுறை அடித்துப் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நேர்ப்பிடி | வளைபிடி | கெரம்பிட் | குத்துவாள் | கத்தி இல்லாமல் |
|---|---|---|---|---|---|
| சட்டச் சிக்கல் | நடுத்தரம் | நடுத்தரத்துக்கு மேல் | அதிகம் | மிக அதிகம் | இடத்துக்கு இடம் மாறும் |
| அணியும் வசதி | உட்காரும்போது குத்தும் | நன்று | நடுத்தரம் | நன்று | மிக நன்று |
| கை நழுவும் ஆபத்து | தடுப்பைப் பொறுத்தது | குறைவு | மிகக் குறைவு. விரல் முறியலாம் | வடிவத்தைப் பொறுத்தது | இல்லை |
| அன்றாடப் பயன் | மிகுதி | மிகக் குறைவு | குறைவு | இல்லை | டார்ச்சுக்கு மிகுதி |
| பழக வேண்டிய காலம் | மிதம் | மிதம் | நீண்டது | நீண்டது | குறுகியது |
| மறைந்த செலவு | அடிக்கடி தீட்டல், பிடித் தகடு | பயிற்சிக் கத்தி, கவனிக்காத துரு | ஆசிரியர், உருளைத் தண்டு | வழக்குச் செலவு | காலாவதியான குப்பி |

## யாருக்கு எது

முதல்முறையாக யோசிப்பவர், பயிற்சிக்கு நேரம் ஒதுக்க முடியாதவர், வீட்டில் சிறு குழந்தைகள் உள்ளவர், கோபம் விரைவில் வருவதைத் தம்மிடம் அறிந்தவர் ஆகியோருக்கு ஐந்தாவது வழியையே சொல்கிறேன். இதில் கடைசியாகச் சொன்னது கடினமான சொல் என்று தெரியும். ஆனாலும் இதை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடுப்பில் கத்தி இருப்பது தெரிந்த நாளில் வாக்குவாதத்திலிருந்து விலகிப்போவது சிலருக்கு எளிதாகிறது, சிலருக்குக் கடினமாகிறது. தாம் எந்தப் பக்கம் என்பது அவரவர்க்கே தெரியும்.

வேலையில் ஏற்கெனவே கத்தியைப் பயன்படுத்துபவர், காட்டுவழியிலோ வயல்வெளியிலோ தனியாகப் போகிறவர் நேரான பிடியுள்ளதை, துருப்பிடிக்காத எஃகில், கைடெக்ஸ் உறையோடு வாங்கலாம். சட்டம் அனுமதித்து, தொடர்ந்து பழகவும் தயாராக உள்ளவர் உடையையும் உட்காரும் நேரத்தையும் பார்த்து நேர்ப்பிடிக்கும் வளைபிடிக்கும் இடையே தேர்வு செய்யலாம். இருவரும் ஸ்பிரேயையும் டார்ச்சையும் சேர்த்தே வைத்திருப்பது நல்லது. முதலில் கை போக வேண்டியது அவற்றின்மேல்.

கழுத்தில் தொங்கவிடும் முறையைப் பலர் கேட்பதால் ஒரு சொல். எந்த வகைக் கத்தியையும் அப்படி அணியலாம். ஆனால் கயிற்றில் பலமாக இழுத்தால் பிரிந்துவிடும் இணைப்பு கட்டாயம் இருக்க வேண்டும். பிரியாத கயிறு, இழுபறியில் நம் கழுத்தில் நாமே மாட்டிக்கொண்ட சுருக்கு.

## வாங்கிய முதல் வாரம்

கத்தி கைக்கு வந்ததும் வெளியே எடுத்துச் செல்லாதீர்கள். முதல் நாள் கத்தியை உறையில் வைத்து, தரையில் தடித்த துணியை விரித்து, அதன்மேல் தலைகீழாகப் பிடித்துப் பலமாக உதறுங்கள், கால்கள் விலகியிருக்கட்டும். விழுந்தால் திருகுகளை இறுக்குங்கள். இறுக்கியும் விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து, தினமும் அணியும் அதே ஆடையோடும் இடுப்புவாரோடும் வெற்று உறையை மாட்டி, கூரில்லாத பயிற்சிக் கத்தியை அதில் செருகிப் பழகுங்கள்: முதலில் நின்றபடி, பிறகு நாற்காலியில், பிறகு மல்லாந்து படுத்து, இறுதியாக மற்றக் கையால். சட்டை ஓரம் எங்கே சிக்குகிறது, கட்டைவிரல் உறையின் எந்த இடத்தில் ஊன்றித் தள்ளுகிறது என்பதைக் கவனியுங்கள். வீட்டில் மற்றவர்கள் இருந்தால், கழற்றி வைக்கும் இடம் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதையும் அந்த வாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

மல்லாந்து படுத்த நிலையில் பல உறைகள் தோற்றுவிடும். கிளிப் முதுகுக்கு அடியில் போய்விடும், அல்லது முழங்கை தரையில் முட்டி இழுக்க இடம் இல்லாமல் போகும். அப்படியானால் உறையை இடுப்பின் முன்பக்கம் நோக்கி மூன்று நான்கு விரற்கடை நகர்த்தி, மறுபடியும் படுத்துப் பாருங்கள். இரண்டு கையாலும் எட்டும் அந்த ஓர் இடம் கிடைத்த பிறகு, இடுப்புவாரின் உட்புறத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் மாட்டுங்கள்.